பனிபட்ட விதையும் பதனிட்ட தோலும்

மார்கழி பிறந்துவிட்டால் நம் நாட்டில் மங்கல காரியங்கள் நின்றுவிடும். பெண் பார்ப்பதில்லை, மணநாள் குறிப்பதில்லை, புது வீட்டில் பால் காய்ச்சுவதில்லை. ஏன் என்று கேட்டால், பீடை மாதம் என்பர். பீடை யாருக்கு, எதனால் என்று கேட்டால், பெரியவர்கள் சொன்னது என்பர். பெரியவர்களுக்கு யார் சொன்னது என்று கேட்டால், பஞ்சாங்கத்தைக் காட்டுவர். பஞ்சாங்கத்துக்கு யார் சொன்னது என்று கேட்டாலோ, நம்மை நாத்திகன் என்று ஏசிவிட்டு நடையைக் கட்டுவர்!

வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் வட்டாரத்து மாந்தோப்புகளை அதே மாதத்தில் சென்று பாருங்கள், தோழர்களே! பஞ்சாங்கம் படிக்காத மாமரம், பீடை மாதத்திலேதான் தன் பூவுக்கு நாள் குறிக்கிறது. கோடையில் 40 பாகையைத் தாண்டிக் கொதிக்கும் இந்த மண், மார்கழியிலும் தையிலும் பின்னிரவிலே குளிர்கிறது. அந்தக் குளிரை முற்றிய இலைகள் உணர்கின்றன. கிளை நுனிக்குச் செய்தி அனுப்புகின்றன. தளிராக வேண்டிய மொட்டு, பூங்கொத்தாக மாறுகிறது. சோதனைக் கூடத்தில் பகல் 18, இரவு 10 பாகைக் குளிரில் நிறுத்தப்பட்ட மாங்கன்றுகள் பூத்தன; பகல் 30, இரவு 25 பாகை வெப்பத்தில் நிறுத்தப்பட்டவை தளிரையே விட்டன. பீடை என்று மனிதன் ஒதுக்கிய குளிரே, மாங்கனிக்குத் தாயாக நிற்கிறது!

இனிச் சந்தைக்கு வருவோம். ஆம்பூர்ச் சந்தையிலே முட்டைக்கோசு மலைபோல் குவிந்திருக்கிறது. வாங்குகிறோம், நறுக்குகிறோம், உண்ணுகிறோம். முட்டைக்கோசின் பூவைக் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? கத்தரி பூக்கிறது, வெண்டை பூக்கிறது, அவரை பூக்கிறது. கோசு மட்டும் ஏன் நம் ஊரில் பூப்பதில்லை?

அது ஐரோப்பியக் குளிர்நாட்டுப் பயிர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நீலகிரியில் குடியேறிய ஜான் சல்லிவன் போன்ற ஆங்கில அதிகாரிகளே ஐரோப்பியக் காய்கறிகளை அங்கே பயிரிடச் செய்தனர். கோசு தன் பிறந்த மண்ணில் முதலாண்டு இலையைச் சேர்த்து உருண்டு நிற்கும். பனிக்காலம் முழுவதையும் பொறுத்திருக்கும். அடுத்த வேனிலில்தான் தண்டு நீட்டிப் பூக்கும். ஏறத்தாழ 10 பாகைக்குக் குறைந்த குளிர், ஒரு நாள் இருநாள் அன்று, பல வாரங்கள் தொடர்ந்து அதன்மேல் பட வேண்டும். சிறு நாற்றாக இருக்கையில் அந்தக் குளிர் பட்டும் பயனில்லை. தண்டு தடித்து வளர்ந்த பின்பு பட்டால்தான் பலிக்கும். குளிரே காட்டாமல் வெப்பத்திலேயே வளர்த்தால், ஆண்டுக்கணக்கில் இலை விட்டுக்கொண்டே நிற்குமேயன்றிப் பூக்காது. ஆதலால் இத்தகைய பயிர்களுக்கு விதை எடுப்பதற்கென்றே இமாசலத்துக் குலு பள்ளத்தாக்கில் கட்ராயின் என்னும் ஊரில், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் அமைந்தது.

மாமரத்துக்கும் கோசுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மா, குளிர் நிலவும்போதே முடிவெடுக்கிறது. குளிர் போனால் செய்தியும் போய்விடுகிறது. கோசோ குளிரை நினைவில் வைத்திருக்கிறது! பனிக்காலம் முடிந்து, வெயில் வந்து, வாரங்கள் கழிந்த பின்பும், தான் பட்ட குளிரை மறவாமல் பூக்கிறது. மூளையற்ற, நரம்பற்ற ஒரு செடிக்கு நினைவா? ஆம், நினைவுதான். அந்த நினைவைச் சுற்றியே இருபதாம் நூற்றாண்டில் ஒரு பெரும் போர் நடந்தது. ஆராய்ச்சிக் கூடத்தில் மட்டுமன்று; அரசவையிலும் சிறைச்சாலையிலும் நடந்தது.

இந்நிகழ்ச்சிக்கு நம் பாடநூல்கள் தந்துள்ள பெயர், தட்பப்பதனம். தட்பம் என்றால் குளிர். பதனம் என்றால் பக்குவப்படுத்தல். பதனம் என்ற சொல்லுக்கு ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் அகராதி வேண்டியதில்லை. தோலைப் பதனிட்டே வாழும் மண் இது. பச்சைத் தோல் வருகிறது, உப்பைக் கழுவுகிறார்கள், சுண்ணாம்புத் தொட்டியில் இடுகிறார்கள், மயிரையும் ஊனையும் நீக்குகிறார்கள், அந்நாளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும், இந்நாளில் பெரும்பாலும் குரோம் உப்பும் ஊட்டுகிறார்கள். அழுகிப் போகவேண்டிய தோல், ஆண்டுகள் பல உழைக்கும் தோலாகிறது. பட்ட பக்குவத்தை அது மறப்பதில்லை. குளிர் பட்ட விதையும் அவ்வாறே. இந்த ஒப்புமையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், முடிவில் வேண்டியிருக்கும்.

கோதுமையில் இருவகை உண்டு. ஒன்று வேனிற் கோதுமை. நம் நாட்டில் விளைவது பெரும்பாலும் இதுவே. விதைத்தால் குளிரை எதிர்பாராமல் கதிர்விடும். மற்றொன்று குளிர்காலக் கோதுமை. இலையுதிர் காலத்தில் விதைத்து, பனியில் கிடந்து, கோடையில் அறுப்பது. அதை வேனிலில் விதைத்தால் புல்லாக வளருமேயன்றிக் கதிர்விடாது. ஆனால் முளைவிடத் தொடங்கிய விதைக்கே குளிரூட்டிவிட்டால், பிறகு வேனிலில் விதைத்தாலும் அது கதிர்விடும். அமெரிக்காவில் ஓகையோ மாநிலத்தின் கிளிப்பார்ட் 1857லேயே இதை எழுதினார். செருமானியர் காஸ்னர், 1918இல் சோதனைகளால் இதை ஒழுங்காக நிறுவினார்.

பத்தாண்டுகள் கழித்து, உக்ரேனில் பிறந்த உழவர் மகன் ஒருவர் இதைக் கையில் எடுத்தார். அவர் பெயர் டிரோபிம் லைசென்கோ. அடுத்தடுத்து வந்த கடும் பனிக்காலங்களில் உக்ரேனின் குளிர்காலக் கோதுமை அழிந்து நின்ற நேரம் அது. நனைத்த விதையைக் குளிரில் வைத்து வேனிலில் விதைத்தால் பஞ்சம் தீரும் என்றார். 1929இல் அவருடைய தந்தையார் நிலத்தில் அவ்வாறு விதைத்த கோதுமை கதிர்விட்டது. பத்திரிகைகள் போற்றின, அரசு அணைத்துக் கொண்டது, 1935இல் ஸ்டாலினே அவையில் வாழ்த்தினார். புகழ்பெற்ற தாவர விஞ்ஞானி நிக்கோலாய் வாவிலோவும், தொடக்கத்தில் இந்த இளைஞருக்கு ஊக்கமளித்தார்.

குளிரூட்டினால் கதிர்விடும் என்பது உண்மை. விளைச்சல் பெருகும் என்பதற்குத்தான் சான்றில்லை. குளிரூட்டிய வயலையும் ஊட்டாத வயலையும் அருகருகே வைத்து அளக்கவேண்டிய இடத்தில், கூட்டுப்பண்ணைகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, வந்த விடைகளை அவர் கணக்காக்கினார். மேலும் ஒருபடி சென்று, குளிரால் ஒரு தலைமுறையில் வந்த மாற்றம் விதைவழியே வழிவழியாக இறங்கும். குளிர்காலக் கோதுமையையே வேனிற் கோதுமையாக நிலையாக மாற்றிவிடலாம். மரபணு என்பதெல்லாம் முதலாளித்துவக் கற்பனை என்றார். மறுத்த வாவிலோவ் 1940 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது பின்னர் சிறைத்தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1943 ஜனவரியில் சராட்டோவ் சிறையில் மாண்டார். உலகெங்கும் அலைந்து உணவுப் பயிர்களின் விதைகளைத் திரட்டிய அந்த அறிஞர், சிறையில் உணவின்றி நலிந்து இறந்தார்! அவர் திரட்டிய விதைகளை லெனின்கிராடு முற்றுகையின்போது காத்துநின்ற ஊழியர்களில் சிலர், அரிசியும் கோதுமையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஒரு மணியைத் தொடாமல் பட்டினியால் மடிந்தனர். 1948 ஆகஸ்டில் வேளாண் விஞ்ஞானக் கழகக் கூட்டத்திலே, தன் அறிக்கைக்குக் கட்சியின் மத்தியக் குழு ஒப்புதல் தந்துவிட்டது என்று லைசென்கோ அறிவித்தார். விவாதம் முடிந்தது, மரபியல் மடிந்தது. 1965இல்தான் அவர் மரபியல் நிலையத்தின் தலைமையிலிருந்து இறக்கப்பட்டார்.

இதை நாம் ஏன் பேசவேண்டும் என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். பெரியார் 1932இல் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்தவர். கடவுளை அரியணையிலிருந்து இறக்கி, உழைப்பவனை ஏற்றிய நாடு என்று நம் இயக்கம் அதை மதித்தது. மதித்ததனாலேயே பேச வேண்டும்! வேதம் சொன்னது என்பதற்காக ஒன்றை ஏற்க மறுக்கிறோம். கட்சி சொன்னது என்பதற்காக ஏற்கலாமா? காவி கட்டி வந்தால் மூடநம்பிக்கை. செஞ்சட்டை போட்டு வந்தால் விஞ்ஞானமா? பிற்காலத்தில் நம் நாட்டையே தாய்நாடாக்கிக் கொண்டு, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த மேதை ஹால்டேன், தலைசிறந்த மரபியல் அறிஞர். அவரும் தம் கட்சிப் பற்றினால் லைசென்கோவை வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கி நின்ற காலம் உண்டு. அத்தகையவரே தயங்கினார் என்றால், நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

லைசென்கோவின் கொள்கை, சாதி ஒழிப்பைப் பேசும் நமக்கு முதலில் இனிக்கவும் கூடும். பிறப்பே எல்லாம் என்பது மனுவின் வாதம். பிறப்பு ஒன்றுமில்லை, சூழ்நிலையே எல்லாம் என்பது லைசென்கோவின் வாதம். இதுவன்றோ நம் கட்சி என்று தோன்றும். அந்நாளில் இட்லரின் கூட்டம் இனவெறிக்கு மரபியலைத் துணைக்கு இழுத்துக் கொண்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டியே, மரபியல் பாசிச விஞ்ஞானம் என்று பழித்தனர் லைசென்கோவின் ஆட்கள். அந்த இனிப்புக்குள் நஞ்சு இருந்தது.

நஞ்சை எடுத்துக்காட்டியவர் முல்லர். அமெரிக்க மரபியல் அறிஞர். பொதுவுடைமைமேல் பற்றுக்கொண்டு சோவியத் நாடு சென்று உழைத்தவர். பின்னர் 1946இல் நோபல் பரிசு பெற்றவர். 1936 டிசம்பரில், லைசென்கோவும் வாவிலோவும் அமர்ந்திருந்த அவையிலே, அவர் எழுப்பிய வாதத்தின் சாரம் இது: வாழ்க்கையில் அடைந்த மாற்றமெல்லாம் வித்துவழி இறங்குமானால், தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்டு, பட்டினி கிடந்து, கல்வி மறுக்கப்பட்ட மக்களின் குழந்தைகள், அந்தத் தாழ்வை உடம்பிலேயே சுமந்துகொண்டு பிறக்கவேண்டும். அப்படியானால் ஆதிக்கக்காரன் சொல்வது சரியென்றாகும்!

இதை நம் மண்ணில் வைத்துப் பாருங்கள். ஈராயிரம் ஆண்டாகப் படிக்கவிடாமல் தடுத்தார்கள். குளத்தில் இறங்கவிடவில்லை, தெருவில் நடக்கவிடவில்லை. பட்டதெல்லாம் விதையில் இறங்கும் என்பது உண்மையானால், அந்தத் தடையெல்லாம் இன்று பிறக்கும் குழந்தையின் குருதியில் மந்தபுத்தியாக ஊறியிருக்க வேண்டும். மனு வாயிற்படியில் வெளியேற, லைசென்கோ அவனைக் கொல்லைப்புறக் கதவு வழியே அழைத்து வந்துவிட்டார்! சாதியை எதிர்க்கத் தோழன் என்று நாம் தழுவிக்கொள்ளும் கொள்கை, சாதிக்கே சான்று சொல்லும் சாட்சியாகிவிடும்.

உண்மை என்ன? அதைக் கூச்சலில்லாத ஆராய்ச்சியாளர்கள் படிப்படியாகக் கண்டார்கள். இலண்டனில் கிரெகரியும் பர்விஸ் அம்மையாரும் ரை என்னும் தானியத்தைச் சோதித்து, குளிரை உணர்வது விதைக்குள் இருக்கும் கருவே என்று காட்டினர். நம் நாட்டிலும் அல்மோராவில் ஆராய்ச்சிக்கூடம் அமைத்திருந்த போஷி சென், கடுகில் இதே தட்பப்பதனத்தை ஆராய்ந்தார். 1999இல், அமெரிக்காவில் ரிச்சர்டு அமாசினோவின் குழுவும் ஆஸ்திரேலியாவில் எலிசபெத் டென்னிசின் குழுவும், கடுகின் உறவான அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், பூப்பதைத் தடுக்கும் மரபணு ஒன்றை இனங்கண்டன. எஃப்.எல்.சி. என்பது அதன் பெயர். அது விழித்திருக்கும்வரை செடி பூக்காது. இங்கிலாந்தில் கரோலின் டீன் அம்மையாரின் கூடமும் பிறரும், குளிர் அதை எவ்வாறு உறங்க வைக்கிறது என்பதை விளக்கினர்.

டி.என்.ஏ. என்னும் நூலிழை, புரத உருளைகளின்மேல் சுற்றப்பட்டிருக்கிறது. குளிர் வாரக்கணக்கில் நீடித்தால், அந்தத் தடை மரபணு இருக்கும் இடத்தின் உருளைகளில் வேதிக் குறிகள் பதிகின்றன. குறி பதிந்த இடம் இறுகிச் சுருண்டுகொள்கிறது. அதைப் படிக்க முடியாது. ஏட்டில் எழுத்து மாறவில்லை. ஏட்டைக் கட்டி முத்திரை வைத்தாகிவிட்டது! குளிர் போனபின்பும், உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் முத்திரையும் படியெடுக்கப்படுகிறது. இதுவே செடியின் நினைவு. ஒரு நாள் குளிரைக் கண்டு ஏமாறாமல், பனிக்காலம் உண்மையிலேயே கழிந்ததா என்று வாரங்களை எண்ணிப் பார்க்கும் திறன் இதனால் வருகிறது. கோதுமையில் இதற்குப் பொறுப்பான மரபணுக்கள் வேறு. முறையின் போக்கு ஒத்ததே.

அந்தச் செடி பூத்து, சூல்கொண்டு, விதை கருவாகும்போது நடப்பதுதான் நாம் அறிய வேண்டியது. முத்திரை உடைக்கப்படுகிறது! தடை மரபணு மீண்டும் விழித்துக் கொள்கிறது. தாய் பட்ட குளிர் சேய்க்குச் சேர்வதில்லை. தாய் பத்துப் பனிக்காலம் கண்டிருந்தாலும் சேய்க்கு அது கணக்கில்லை. அது தன் குளிரைத் தானே பட்டுத்தான் பூக்க வேண்டும். சில செடிகளில் வேறு சில குறிகள் தலைமுறை தாண்டிச் செல்வதுண்டு; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் லைசென்கோ எந்தக் குளிரைக் காட்டிப் பரம்பரை பேசினாரோ, அந்தக் குளிரின் நினைவு விதையில் அழிக்கப்படுகிறது. அவர் தேர்ந்தெடுத்த சாட்சியே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது!

இப்போது, கையில் வைத்திருக்கச் சொன்ன ஒப்புமையை எடுங்கள். ஆட்டுத் தோலை எத்தனை ஆண்டு பதனிட்டாலும், பதனிட்ட தோலோடு ஓர் ஆட்டுக்குட்டி பிறந்ததுண்டா? நூறாண்டுக்கு மேலாகத் தோல் பதனிட்ட இந்தப் பாலாற்றங்கரையில், ஒரு குட்டியேனும் அப்படிப் பிறந்திருந்தால் சொல்லுங்கள். ஒவ்வொரு குட்டியும் பச்சைத் தோலோடுதான் பிறக்கிறது. விதை ஒவ்வொன்றும் குளிர் படாததாகத்தான் பிறக்கிறது.

அப்படியிருக்க, மனிதன் மட்டும் தொழிலோடு பிறக்கிறானாம்! சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கும் கால்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்டோரின் கால்களாகவே இருந்து வந்துள்ளன. அவர்கள் உடலில் தொட்டியின் வாடையும் கையில் சுண்ணாம்பின் புண்ணும் உண்டு. அவை உழைப்பின் அடையாளங்கள். ஆனால் அவர்களின் பிள்ளை அந்த வாடையோடு பிறப்பதில்லை, புண்ணோடு பிறப்பதில்லை. பிறந்தபின் அதன் நெற்றியில் ‘தீட்டு’ என்று எழுதுவது இயற்கையன்று; இந்த ஊரும் உறவும், சாத்திரமும் சம்பிரதாயமும் எழுதுகின்றன. அந்த எழுத்திலும் எத்தனை வஞ்சகம்! மான்தோலில் அமர்ந்தால் தவம்; மாட்டுத்தோலைத் தொட்டால் தீட்டு. தோல் போர்த்த மிருதங்கம் கச்சேரி மேடையேறும். அந்தத் தோலைப் பதனிட்டவன் வாசற்படி ஏறக்கூடாது. ஆம்பூரில் தைத்த காலணி கடல் கடந்து ஐரோப்பாவுக்குச் செல்லும்; அதற்குத் தோல் தந்தவனை அடுத்த தெருவுக்குள்ளும் விடமாட்டார்கள்!

ஓர் எச்சரிக்கையும் வேண்டும், இளைஞர்களே! விதையில் நினைவு அழிகிறது; ஆகவே மனிதர் சமம் என்று மேடையில் முழங்காதீர்கள். மனிதர் சமம் என்பதற்குக் கோசும் கோதுமையும் சான்றாக வரவேண்டியதில்லை. நாளையே வேறொரு செடியில் வேறொரு நினைவு விதைவழி இறங்குவதாகக் கண்டுபிடித்தால், சமத்துவத்தைக் கைவிடுவோமா? இயற்கையில் நான்கு வருணம் உண்டு என்று கதை கட்டியவன் செய்த பிழையும், கட்சிக்கு ஏற்றபடி கோதுமையை வளைத்தவன் செய்த பிழையும் ஒன்றே. தனக்கு வேண்டிய முடிவை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு, இயற்கையிடம் கையெழுத்து வாங்கப் போனார்கள். நாம் அவ்வாறு போகவேண்டாம். சமத்துவம் நாம் எடுத்த முடிவு. நீதிக்காக எடுத்த முடிவு. செடியிடம் நாம் கற்கவேண்டியது, அது உண்மையில் எவ்வாறு பூக்கிறது என்பதை மட்டுமே. ஒன்று, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உண்மையை ஏற்கும் நேர்மை. மற்றொன்று, பிறப்பால் தாழ்வு என்ற பொய்யை எவன் எந்த உடையில் கொண்டுவந்தாலும் திருப்பியனுப்பும் துணிவு. இவ்விரண்டும் சேர்ந்ததே பகுத்தறிவு. ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல், வாவிலோவைச் சிறைக்கு அனுப்பிய கூட்டத்தில் நாமும் ஒருவராவோம்.

விதைக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு: அதன் கருவிலேயே பழைய முத்திரை உடைந்துவிடுகிறது. மனிதச் சமுதாயத்தில் அந்த முத்திரை தானாக உடைவதில்லை, நாம்தான் உடைக்கவேண்டும். பள்ளியில் உடைக்கவேண்டும், தொழிற்சாலையில் உடைக்கவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மணவறையில் உடைக்கவேண்டும். புரோகிதரும் மந்திரமும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணாவின் அரசு 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் உரிமை தந்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் பீடை மாதம் என்று ஒரு மாதம் இல்லை.

வரும் மார்கழியிலே நாள் குறியுங்கள், தோழர்களே! சாதி கேளாமல் மணமக்களைச் சேருங்கள். பாலாற்றங்கரையில் ஒரு மாந்தோப்பில் பந்தலிடுங்கள். பஞ்சாங்கம் பாராமல், பின்னிரவுக் குளிரை ஏற்று, தலைக்குமேல் மாமரம் பூத்து நிற்கும்!